கொழும்புக்கு இரண்டு மணி நேரம்

திருச்சி விமானத் தளத்திலிருந்து கொழும்பு இரத்மலானைத் தளத்துக்கு ஆகாய வழியில் இருநூற்றெண்பது மைல் என்று விமானக் கம்பெனிக்காரர் சொன்னார். காற்று எதிர்த்து அடிக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாமாம். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. பேரையூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு முப்பது சொச்சம் மைல்தான். பஸ் ஒழுங்காக ஓடினால் அரைப் பகல். ஓடாவிட்டால் எப்போது வந்து சேருவோம் என்று யாரும் சொல்ல முடியாது.

சுதந்திரம் வந்த மறு வருஷம். நான் மதுரையில் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. காளவாசல் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்போது அங்கே செங்கல் சூளைகளும், சூளையில் வேலை செய்கிறவர்களுக்காக ஒன்றிரண்டு டீக்கடைகளும்தான். என் தங்கை பொன்னுத்தாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் வாடிப்பட்டியிலிருந்து செல்லம்மா அத்தை என் அறைக்கு வந்தாள். செல்லம்மா என் அப்பாவின் தங்கை.

"நீ போயி ஒங்க மாமன கூட்டிட்டு வா" என்றாள், உட்காராமலே.

எங்கள் வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத பேர் அது. சோலை மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கும் செல்லம்மா அத்தைக்கும்தான் ஒரு காலத்தில் கல்யாணம் பேசி வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாமா கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டார். அதன் பிறகு பதினோரு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. அத்தையை வாடிப்பட்டியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர். அத்தை நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் நாத்தனாரை ஊர் சிரிக்கும்படி தன் தம்பி விட்டுப் போய்விட்டானே என்று புகுந்த வீட்டில் குறுகிப்போனவள் என் அம்மா.

"தாய்மாமன் மால போடாம பொன்னுத்தாயி மணையேறுனா எம் பேரச் சொல்லித்தான் பேசுவாக" என்றாள் அத்தை. "மதினி என்னய ஒரு வார்த்த கடிஞ்சு பேசினதில்ல. நானே மறந்துட்டேன். அது இன்னும் என்னயக் கண்டா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகுது. எனக்குப் பாக்கச் சகிக்கல."

"அம்மாகிட்டச் சொல்லியாச்சா அத்தை?"

"சொல்லாத. வருவாரோ மாட்டாரோ. ஆச காட்டி மோசம் பண்ண வேணாம்."

கப்பலில் போய்த் திரும்ப நாள் போதாது. எங்கேயோ காலரா என்று, கப்பலுக்குப் போகிற வழியில் இருந்த மண்டபம் முகாமில் ஆட்களை நிறுத்திவைத்துக் கொண்டிருந்தார்கள். அத்தை வீட்டுக்காரர்தான் விமானம் என்று ஒன்று இருப்பதை நினைவுபடுத்தியவர். செலவும் அவருடையதே. தன் மனைவிக்கு ஒரு காலத்தில் நிச்சயித்திருந்தவரை அழைத்துவர அவர் ஏன் இத்தனை அக்கறை எடுத்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எனக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் புரிந்தது.

மறுநாள் ரயிலில் திருச்சிக்குப் போனேன். அங்கே ஒரு விடுதியில் சாப்பிட்ட சாம்பாரில் உப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. காலையில் விமானத் தளத்தில் பெட்டியை நிறுத்தார்கள். பிறகு என்னையும் நிறுவையில் ஏறச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பருத்திக் கமிஷன் கடையில் பொதியை ஏற்றி நிறுக்கிற தராசு போலவே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற கீழக்கரை மரைக்காயர் ஒருவர் ஏறிய கையோடு செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். எடை குறைந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொழும்பில் கைலி வியாபாரம் செய்கிறவர். கப்பலில் எத்தனையோ தரம் போனவர், ஆகாயத்தில் முதல் தரம்.

விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஏறியதும் மேட்டில் ஏறுவதுபோல் நடந்துதான் இடத்துக்குப் போக வேண்டும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் வாயில் போட்டுக்கொள்ளப் பெப்பர்மிண்டும் கொடுத்தார்கள். மரைக்காயர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எது எதற்கு என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. பின்னால் இருந்தவரைப் பார்த்து நாங்கள் இருவரும் செய்தோம்.

இரைச்சல் காதைப் பிளந்தது. வயிறு கீழே போய் மேலே வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது கீழே கண்மாய்கள், துண்டு துண்டாக உடைந்த கண்ணாடி மாதிரி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. மழை பொய்த்த வருஷம். பாதிக் கண்மாய்களில் தண்ணீர் இல்லை, வெள்ளைத் தரைதான். இவ்வளவு வறண்ட சீமையிலா நாம் விதைக்கிறோம் அறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். தரையில் நிற்கும்போது அப்படித் தோன்றியதே இல்லை.

"ஏந்தம்பி, மேல வந்த பொறவு, தொழுறதுக்குக் கிப்லா எந்தப் பக்கம்னு யாருகிட்டக் கேக்குறது?" என்றார் மரைக்காயர். "கப்பல்லன்னா மாலுமி சொல்லுவாஹ."

சூரியன் இருந்த பக்கத்தைக் காட்டி, கிழக்கு இது, அப்படியானால் மேற்கு அது என்றேன். அவர் திருப்தியடைந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். கீழே கடல் வந்திருந்தது. கரையோரம் பச்சை, அப்புறம் நீலம், நடுவில் மணல் திட்டுகளின் மேல் ஒரு மாதிரி வெளிறிய மஞ்சள். இந்தத் தண்ணீரைத் தாண்டிய பிறகுதானே மாமா எங்களுக்கு இல்லாமல் போனார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் முடிந்துவிட்டது. தென்னை மரங்கள் வந்தன. அதற்கு மேல் நிலம் தெரியாதபடி தென்னை.

இறங்கியதும் முதலில் உணர்ந்தது ஈரம். வேட்டி உடம்போடு ஒட்டியது. மரைக்காயர் தன்னோடு கடைத்தெருவான புறக்கோட்டை வரைக்கும் அழைத்துப் போனார். பஸ்ஸில் ஒரு பகுதி, டிராமில் ஒரு பகுதி. டிராமில் ஒருவர் என் தோளைத் தட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "ஒங்க குடை அவுஹ கால்ல குத்துதாம்" என்று மரைக்காயர் தமிழில் சொன்னார். மதுரையில் அதற்குள் சண்டை வந்திருக்கும். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

மாமா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அங்கே இருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் நினைத்துக்கொண்டு போனது, பனைமரத்தில் கயிறில்லாமல் ஏறுகிற ஒல்லியான ஆளை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் தொந்தியும் தொப்பையுமாக இருந்தார். காது மட்டும் அம்மாவின் காது.

"சாப்பாடா, டீயா?" என்றார்.

"மாமா, நான் பேரையூர்லருந்து வாரேன். இருளாயி மகன்."

அவர் எழுந்திருக்கவில்லை. மேசையைத் துடைக்கிற துணி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துணிக்குள்ளிருந்தே, "அக்கா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காக மாமா. பொன்னுத்தாயிக்குக் கலியாணம்."

கடைக்குப் பின்னால்தான் வீடு. இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. இடியாப்பம் சிவப்பரிசி மாவு. நம்மூரில் பிழிவதைவிடப் பெரிய வட்டம். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்துக்கு நாங்கள் பேர்போனவர்கள் என்று எண்ணியிருந்தேன். இலையில் வைத்தவள் உயரமான பெண், சிங்களத்தி. பின்னால் கதவோரம் இரண்டு பெண் குழந்தைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. மாமா யாரையும் எனக்கு அறிமுகம் செய்யவில்லை. சுவரைப் பார்த்தபடி, "நான் வரல மாப்ள" என்றார்.

"ஏன் மாமா?"

"செல்லம்மா இருக்குமில்ல. அது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அத்தைதான் என்னைய அனுப்புனாக."

அவர் அதை நம்பவில்லை. நான் அத்தை சொன்னதையெல்லாம் அப்படியே சொன்னேன். அதற்கும் அவர் அசையவில்லை. "செல்லம்மா மேல ஒரு கொறையும் இல்ல மாப்ள. எனக்குத்தான் அப்ப வேற ஊரு, வேற ஆளுகன்னு மனசு அலஞ்சுச்சு. சொல்ற துணிச்சல் இல்லாம ஓடிட்டேன். இப்ப நான் போயி நின்னா, இங்க இருக்குறதுகளப் பத்திக் கேப்பாக. நான் என்ன சொல்ல? இதுகள மறச்சு வச்சு என்னால மால போட முடியாது. சொல்லிட்டுப் போட அவுக விட மாட்டாக."

காரத்தில் எனக்கு விக்கியது. தண்ணீர்ச் செம்பு அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தது. மாமாவின் மனைவியை எங்கள் பக்கத்தில் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியாது. "அத்தை, தண்ணி குடுங்க" என்றேன்.

அவள் செம்பை எடுக்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவள் உட்கார்ந்து, செம்பைச் சாய்த்து, டம்ளர் நிறைந்து வழிகிற வரை ஊற்றினாள்.

அவள் பேர் சோமாவதி. தமிழ் நன்றாகவே பேசினாள், கொழும்புக்காரர்கள் பேசுகிற மாதிரி. "உங்கட அம்மா என்னை உள்ள எடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எடுப்பாக" என்றேன். எனக்கு நிச்சயமில்லை. அப்பாவை நினைத்தால் பயமாகக்கூட இருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் வேறு பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

அவள் மாமாவிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினாள். குரல் உயரவில்லை. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். "என்ன சொன்னீங்க அத்தை?" என்றேன்.

"உங்கட அக்காட மகளுக்கு நீங்க மாலை போடாட்டி, நாளைக்கு உங்கட மகளுக்கு யார் போட வருவாங்கள் எண்டு கேட்டன். எனக்குத் தம்பி இல்லத்தானே."

அடுத்த நாள் முழுக்க மழை. மாமா கடையைக் கவனிக்க ஆளை வைத்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார். கல்யாணச் சீருக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு அண்டா, பட்டுப்புடவை, பொன்னுத்தாயிக்கு ஒரு கைக்கடிகாரம் என்று வாங்கிக் குவித்தார். திரும்பும் விமானத்தில் ஒரே ஓர் இடம்தான் கூடுதலாகக் கிடைத்தது. இன்னும் இடம் இருந்தாலும் முதல் தடவை மாமா தனியாகத்தான் போக வேண்டும் என்று சோமாவதி அத்தை சொல்லிவிட்டாள். மாமாவின் பெட்டியில் அவள் வைத்த சட்டைகளை அவர் எடுத்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நாலு தரமாவது மடித்திருப்பார்.

இரத்மலானையில் நிறுவை எங்களைப் பழிவாங்கியது. மாமா ஏறியதும் முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துச் சிப்பந்தி பேனாவை வைத்துவிட்டான். அண்டாவை ஏற்ற முடியாது என்றான். மாமா விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். விளக்கும் முடியாது என்றான். கடைசியில் புடவையும் கடிகாரமும் தவிர எல்லாம் வழியனுப்ப வந்த சோமாவதி அத்தையோடு திரும்பிப் போயின. மாமாவின் மூத்த பெண் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து போனதை விமானத்தின் ஜன்னல் வழியே பார்த்தோம்.

மாமா வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். திருச்சியில் இறங்கியதும் தரையைக் காலால் ஒரு தரம் மிதித்துப் பார்த்தார். "வந்துட்டமா? நான் இன்னும் மனசத் தயார் பண்ணல மாப்ள" என்றார்.

அதற்கு வேண்டிய அவகாசத்தைப் பேரையூர் பஸ் கொடுத்தது. ரயிலில் மதுரைக்கு வந்து, என் அறையில் தங்கி, காலையில் பஸ் ஏறினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம். பஸ்ஸின் பின்னால் உருளை மாதிரி ஓர் அடுப்பு. அதில் கரியைப் போட்டு, கரிவாயுவில் வண்டி ஓடும். கண்டக்டர் அடுப்பை விசிறிச் சூடாக்குவதற்குள் சூரியன் உச்சிக்குப் பாதி வந்துவிட்டது. திருமங்கலம் தாண்டியதும் ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மேடு ஏறியதும் ஓடியது. அடுத்த மேட்டில் மறுபடி நின்றது.

"அண்ணே, நீங்க மட்டும் ஏறி உக்காருங்கண்ணே" என்று மாமாவிடம் கண்டக்டர் சொன்னான். அவர் மூச்சிரைப்பைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

"நான் ஏறுனா அப்புறம் தள்ள முடியாதுப்பா" என்றார் மாமா.

கல்லுப்பட்டிக்கு இந்தப் பக்கம் பஸ் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அங்கிருந்து ஒரு பருத்தி வண்டி கிடைத்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, அறுத்த சோளத் தட்டை, வெயிலில் காய்கிற மிளகாய் வாசனை. மாமா பேச்சை நிறுத்திவிட்டார். ஊர் நெருங்க நெருங்க, வண்டிக்காரனிடம் மெதுவாகப் போகச் சொன்னார். மாடுகள் ஏற்கெனவே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பந்தல் போட்டிருந்தது. அம்மா பந்தக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவரை நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த வெங்காயத்தை முழுவதும் உரித்துப் பாத்திரத்தில் போட்டாள். பிறகு எழுந்தாள்.

"எப்பப் பொறப்பட்ட?" என்று கேட்டாள்.

"நேத்துக்கா. ஏரோப்ளான்ல."

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"அம்புட்டுத்தானா" என்றாள் அம்மா. சற்று நின்று, "அம்புட்டுக் கிட்டத்துலயா தம்பி இருந்த?" என்றாள்.

மாமா நின்ற இடத்திலேயே தரையில் குந்திவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து சொந்தக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் பந்தலுக்கு வரவில்லை. அப்பா உள்ளே கயிற்றுக் கட்டிலில் இருந்தவர் இருமினார், அவ்வளவுதான். எல்லோரும் யாருக்குக் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. செல்லம்மா அத்தை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க" என்றாள் மாமாவைப் பார்த்து. அவர் எழுந்து நின்றார். "வீட்டுல எல்லாரும் சொகமா?"

மாமா என்னைப் பார்த்தார். "சோமாவதின்னு பேரு" என்றார், காதில் விழாத குரலில். "சிங்களப் பொண்ணு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு."

அத்தையின் நெற்றியில் புகைக்கரி பட்டிருந்தது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, உரத்த குரலில் சொன்னாள்: "மதினி, ஒங்க தம்பிக்கு ரெண்டு மக இருக்காம். நம்ம வீட்டுப் பிள்ளைகளக் கொழும்புலயே விட்டுட்டு வந்திருக்காரு. என்னன்னு கேளுங்க."

அவள் நம்ம வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்ன பிறகு வேறு யார் என்ன பேச முடியும்? அப்பா கட்டிலிலிருந்து இறங்கி வந்து, "கை கால் கழுவச் சொல்லுங்க, சாப்புடட்டும்" என்றார். மறுநாள் காலை மாமா பொன்னுத்தாயிக்கு மாலை போட்டார். மாலை அவள் காதில் மாட்டிக்கொண்டது. செல்லம்மா அத்தைதான் எடுத்துவிட்டாள்.

அன்று நான் பார்த்த ஊர்களில் பலவற்றை இப்போது அடையாளம் காண முடிவதில்லை. காளவாசலில் ரோட்டைக் கடக்க எனக்கு ஆள் துணை வேண்டியிருக்கிறது. மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பயணத்தை நினைத்தால் ஆகாயத்தைவிட, அடுத்த வருஷம் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற ஒரு காலை நேரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கடையைப் பார்க்க மாமாவை விட்டுவிட்டு, சோமாவதி அத்தை பிள்ளைகளோடு கப்பலில் வந்தாள். மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். அம்மா தானே வருவேன் என்று முதல் நாளே மதுரைக்கு வந்துவிட்டாள். தூக்குச்சட்டியில் இட்லியும், பிள்ளைகளுக்கென்று பொரிவிளங்காய் உருண்டையும் வைத்திருந்தாள். ரயில் தாமதம். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். என்ன பேசுவது, அந்தப் பெண்ணுக்கு நம்ம பேச்சு விளங்குமா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ரயில் வந்தது. சோமாவதி அத்தை இறங்கினாள். நான் கை காட்டியதும் நேராக அம்மாவிடம் வந்தாள். அவர்கள் நாட்டில் பெரியவர்களை வணங்குகிற முறையில், அந்தக் கூட்டத்துக்கு நடுவே முழங்காலிட்டு உட்கார்ந்து, கைகூப்பி, நெற்றி தரையில் படக் குனிந்தாள். பிள்ளைகளும் அப்படியே செய்தன. அம்மாவை யாரும் அப்படி வணங்கியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே தானும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூலிகள் மூட்டைகளோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் "வழிய விடுங்கம்மா" என்றான். நான் எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. அம்மா சட்டியைத் திறந்து, சின்னவளுக்கு முதல் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.